"சரியா இருக்கலாம்" என்றொரு பொத்தான்

மென்பொருளில் பாலினம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பதிவுப் படிவம்தான். ஆண், பெண் என்று இரண்டோடு நிறுத்தாமல் மற்றவர்களுக்கும் இடம் வேண்டும். சரிதான். தேவையில்லாத இடத்தில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. கரண்ட் பில் கட்ட வந்தவர் ஆணா பெண்ணா என்று எதுக்குத் தெரியணும்? ஆனால் படிவத்தைத் தாண்டி உள்ளே போனபின் வரும் சிக்கல் வேறு மாதிரியானது.

அமெரிக்காவின் ஒரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மார்கரெட் பர்னெட்டின் குழு 2000-களில் எக்செல் மாதிரியான ஒரு விரிதாளை வைத்து ஆராய்ந்தது. சூத்திரங்களில் பிழை ஒளிந்திருக்கும். ஒரு கட்டத்தில் உள்ள விடை சரி என்றால் டிக், தப்பு என்றால் பெருக்கல் குறி போடலாம். அந்தக் குறிகளை வைத்துப் பிழை எங்கே இருக்கக்கூடும் என்று மென்பொருள் நிறம் தீட்டிக் காட்டும். அருமையான வசதி. ஆனால் இதுபோன்ற புது வசதிகளைப் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே தொட்டார்கள். "நம்மால் முடியுமா" என்ற தயக்கம் உள்ளவரிடம் போய், சரியா தப்பா அடிச்சுச் சொல்லு என்றால் அவர் எப்படிக் குறி போடுவார்?

அதனால் குழு "சரியா இருக்கலாம்", "தப்பா இருக்கலாம்" என்று இரண்டு குறிகளைச் சேர்த்தது. பிழை தேடும் வழியைச் சொல்லும் சின்ன விளக்கங்களையும் வைத்தது. இடைவெளி குறைந்தது. ஆண்களுக்கு இதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

இந்த மாதிரி வேலைகளிலிருந்து வளர்ந்ததுதான் ஜெண்டர்மேக் என்ற சோதனை முறை. விரிவான கட்டுரை 2016-இல் வந்தது. மென்பொருளை எதற்காகத் தொடுகிறார், தகவலை முழுக்கப் படித்துவிட்டு இறங்குகிறாரா, துணிந்து பார்ப்பாரா, தட்டித் தடவிக் கற்பாரா, தன்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று ஐந்து விஷயங்களை அது பார்க்கிறது. கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏதாவது கோளாறு என்றால் நம்பிக்கை உள்ளவர் "ஆப் சரியில்லை" என்பார். இல்லாதவர் "எனக்கு இதெல்லாம் வராது" என்று மூடிவைத்துவிடுவார். இரண்டாமவரிடமிருந்து புகார் வராது. செய்தவர்களுக்குக் குறை இருப்பதே தெரியாமல் போகும்.

சோதனைக்கு அபி, பேட், டிம் என்று கற்பனைப் பயனர்கள் உண்டு. டிம் எதையும் அழுத்திப் பார்க்கிற ரகம், அபி யோசிக்கிற ரகம், பேட் நடுவில். அபி ஆணாகவும் இருக்கலாம். (நம்மூரிலும் அபிராமியும் அபிதான், அபிஷேக்கும் அபிதான்!) ஆராய்ச்சியில் தெரிந்தது சராசரிப் போக்கு மட்டுமே, எல்லாப் பெண்களும் இப்படி என்று யாரும் சொல்லவில்லை.

பணம் அனுப்பும் ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொகையைப் போட்டதும் கீழே "தொடர்க" என்று ஒரு பொத்தான். அழுத்தினால் பணம் போய்விடுமா, இன்னொரு திரை வருமா? டிம் அழுத்திப் பார்த்துவிடுவார். அபி அங்கேயே நின்றுவிடுவார். ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டியது: இங்கே என்ன செய்யணும்னு அபிக்குத் தெரியுமா? செய்தபின், சரியாத்தான் போகிறோம் என்று புரியுமா? "விவரம் சரிபார்க்க" என்று பொத்தானின் பெயரை மாற்றி, "பணம் இன்னும் அனுப்பப்படவில்லை" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். முதல்முறை பணம் அனுப்பும் தாத்தாவுக்கும் அதே வரி உதவும்.

நடைமுறையில் ஒரு வழுக்கல் இருக்கிறது. சோதிக்க உட்காரும் குழுவில் பெரும்பாலும் டிம்கள்தான். "இதுல என்ன, நானா இருந்தா அழுத்திடுவேன்" என்று நழுவிவிடுவார்கள். அதனால்தான் தெரியும், தெரியாது என்று எழுதினால் மட்டும் போதாது. அபியின் எந்தக் குணத்தை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்பதையும் பக்கத்திலேயே குறிக்கச் சொல்கிறது இந்த முறை.