ஒரு நாள் சம்பளத்தில் ஒரு டி-சட்டை: யுனிக்லோ மலிவா?

"உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டு."

கடந்த தீபாவளிக்கு முன்பு, முதன்முதலாக வாங்கிய யுனிக்லோ டி-சட்டையை நீட்டியபோது அம்மா சொன்னது இதுதான். நிறத்தை அவர் பார்க்கவில்லை. தோள்பட்டைத் தையலை நகத்தால் நெருடினார். கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டு, பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்த்தார். பிறகுதான் விலையைக் கேட்டார்.

"ஏறக்குறைய 60 வெள்ளிம்மா."

"என்னோட ஒரு நாள் சம்பளம்" என்றார். திட்டவில்லை. ஆனால் அந்த வார்த்தை என்னை உறுத்தியது.

அம்மா ஜாசின் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 ரிங்கிட் 38 சென். எல்லாரும் 'மலிவு' என்று சொல்லும் உடை, எங்கள் வீட்டில் ஒரு நாள் உழைப்பு. நான் அதைக் கல்விக் கடன் பணத்தில் வாங்கியிருந்தேன். நாளை நானே திருப்பிக் கட்ட வேண்டிய பணம் அது.

ஆகவே, மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று விசாரித்தேன். ஆயர் குரோவில் படிக்கும் தோழி, "சின்னம் இல்லாத எளிய உடை. வகுப்புக்கும் போடலாம், நேர்முகத் தேர்வுக்கும் போடலாம்" என்றாள். தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணன், "சீருடைக்குள் போட்டால் வியர்வை சீக்கிரம் காய்கிறது" என்றார். படிவம் 5 படிக்கும் தம்பியோ, "பெயரே வெளியே தெரியாத சட்டைக்கு இவ்வளவு விலையா?" என்றான். மெர்லிமாவில் இருக்கும் அத்தை, "அந்தக் காசுக்குப் பசார் மாலாமில் நாலு எடுக்கலாம்" என்று முடித்துவிட்டார்.

வாடிக்கையாளர் கருத்தை இந்த நிறுவனமே ஒருமுறை வினோதமான முறையில் கேட்டிருக்கிறது. தடாஷி யானாய் 1984இல் ஹிரோஷிமாவில் முதல் யுனிக்லோ கடையைத் திறந்தார். 1995இல், யுனிக்லோவைக் குறை சொல்பவருக்கு 10 லட்சம் யென் பரிசு என்று ஜப்பானியப் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. ஏறக்குறைய 10,000 பேர் எழுதினார்கள். தரத்தைப் பற்றிய புகார்களே அதில் முக்கியமானவை. துவைத்ததும் தையல் விடுகிறது, கழுத்து தளர்கிறது என்றார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1998இல், 1,900 யென் விலையுள்ள கம்பளி போன்ற ஃபிளீஸ் மேலாடை ஜப்பான் முழுவதும் அந்தப் பெயரைக் கொண்டுசேர்த்தது. மலேசியாவில் முதல் கடை 2010 நவம்பரில் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் திறக்கப்பட்டது.

அந்தக் கடிதங்களைப் பற்றிப் படித்தபோது அம்மாவின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. தையல், கழுத்து. அவர் சோதித்ததும் அதே இரண்டுதான்.

மாணவ நண்பர்களே, ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நான் முன்பு சந்தையில் 15 ரிங்கிட்டுக்கு வாங்கிய சட்டை ஐந்தாவது துவைப்பில் தளர்ந்து, தரை துடைக்கும் துணியானது. ஒரு முறை அணிய 3 ரிங்கிட். 60 ரிங்கிட் சட்டையை 60 முறை அணிந்தால், ஒரு முறைக்கு 1 ரிங்கிட்தான். ஆனால் பெருமைக்கு வாங்கி, ஆறு முறை அணிந்து அலமாரியில் மடித்து வைத்தால், ஒரு முறைக்கு 10 ரிங்கிட். அதேபோல், நல்ல தையலுள்ள 15 ரிங்கிட் சட்டை 30 முறை தாங்கினால், 50 சென்னில் அது எல்லாவற்றையும் வென்றுவிடும். அத்தை சொன்னதும் பொய்யில்லை. பார்த்து எடுக்கத் தெரிய வேண்டும்.

எந்தக் கடையானாலும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது நமது உரிமை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான்.

என் சட்டையை இதுவரை இருபது முறைக்குமேல் அணிந்துவிட்டேன். கொடியில் காயும்போதெல்லாம் அம்மா அதன் கழுத்தை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். அவர் இன்னும் தன் கருத்தைச் சொல்லவில்லை. அறுபதாவது துவைப்புக்குப் பிறகு கேட்கலாம் என்றிருக்கிறேன்.