கிரேனுக்கு முன்னால் தனி ஆள்



"மெஷின் வந்தா வேலை போயிடும். நாம ஒவ்வொருத்தரும் உறுதியா எதிர்த்து நின்னா தடுக்க முடியாதா?" கேன்டீனில் இந்தக் கேள்விக்கு டீ ஆறிப்போகும்வரை சண்டை நடந்தது. ராயபுரத்துக்காரன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

என் பெரியப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். தோளில் துண்டு, கையில் கொக்கி. 50 கிலோ மூட்டை என்றால் 20 டன் சரக்குக்கு 400 மூட்டை. ஒரு கேங்கே வியர்வை சொட்ட இறக்கும். அதையே 20 அடி கன்டெய்னரில் அடைத்துவிட்டால், கிரேன் இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கி வைத்துவிடும். சென்னையில் கன்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது.

பெரியப்பா மட்டும் கொக்கியைக் கீழே போட்டிருந்தால்? பக்கத்து ஆள் எடுத்திருப்பார், அவ்வளவுதான். சரி, எல்லோரும் சேர்ந்து மறுத்திருந்தால்? லண்டன் பக்கம் டில்பரியில் அதைச் செய்து பார்த்தார்கள். 1968-லிருந்து 1970 வரை கன்டெய்னரைத் தொட மாட்டோம் என்றது சங்கம். கப்பல்கள் ஃபெலிக்ஸ்டோவுக்குப் போய்விட்டன.

அமெரிக்க மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான சங்கம் 1960-ல் வேறு வழி பிடித்தது. மெஷினைக் கொண்டு வா, ஆனால் விலை கொடு! பதிவு பெற்ற தொழிலாளிக்கு ஆட்குறைப்பு கிடையாது. முன்கூட்டி ஓய்வு பெற்றால் பணம். அதற்காக முதலாளிகள் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டாலர் நிதி தர வேண்டும். இதைத் தனி ஆள் கேட்டிருந்தால் கேட் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார்.

நம்ம ஊரில் பெரியப்பாவைக் காப்பாற்றியதும் பதிவுதான். 1948 துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் வந்த திட்டங்களால், வேலை இல்லாத நாளிலும் ஆஜரானால் படி உண்டு. கடைசிவரை அவரை யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. ஓய்வு பெற்றார். அந்தக் கொக்கி வேலைக்கு அடுத்த ஆள் தேவைப்படவில்லை. அவர் மகன் லாரி ஓட்டுகிறார்.

2001-ல் தொடங்கிய எண்ணூர் துறைமுகத்திலோ நிலக்கரி கன்வேயர் பெல்ட்டிலேயே அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. வேலையை விட்டு அனுப்பக்கூட அங்கே மூட்டைக்காரர் கிடையாது. அந்த மாதிரி பெல்ட்டுக்கு பேரிங் மாற்றுவது, மோட்டார் பார்ப்பது எல்லாம் யார்? மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, அதாவது நாம்தான்.

இன்னொன்று. 1960 ஒப்பந்தம் முழுப் பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே. பதிவுக்காகக் காத்திருந்த 'பி' பிரிவு ஆட்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அவர்களும் சந்தா கட்டுகிறவர்கள் போலத்தான் அதே கரையில் வேலை பார்த்தார்கள். நம்மில் பலர் முதலில் நுழையப்போவது அப்ரன்டிஸாக, இல்லையென்றால் கான்ட்ராக்டில்.