புரோட்டானுக்கு மட்டும் வழிவிடும் படலம்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து, நீராவியாக்கி, டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். எரிபொருள் மின்கலத்தில் இந்தச் சுற்றுவழி கிடையாது. ஒரு மின்முனையில் ஹைட்ரஜன் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. நடுவிலுள்ள பாலிமர் படலம் புரோட்டானை மட்டும் விடுகிறது. எலக்ட்ரான் வெளிக்கம்பி வழியே போவதுதான் மின்சாரம். மறுமுனையில் இரண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகின்றன.

1965இல் ஜெமினி 5 விண்கலத்தில் சென்ற எரிபொருள் மின்கலத்தின் பாலிஸ்டைரீன் வகைப் படலம் நெடுநாள் உழைக்கக்கூடியதல்ல. அந்தக் குறையைத் தீர்த்தது, டுபாண்ட் நிறுவனத்தின் வால்தர் குரோட் 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய நேஃபியான். அதன் முதன்மைச் சங்கிலி டெஃப்லான் போன்றது, தண்ணீரை ஒதுக்கும். கிளை நுனிகளிலுள்ள சல்ஃபோனிக் அமிலமோ தண்ணீரை இழுக்கும். இந்த இழுபறியில், ஏரிகளை இணைக்கும் வாய்க்கால்கள்போல, சில நானோமீட்டர் அகல நீர்த்தடங்கள் தாமாகவே அமைகின்றன. படலத்தின் திறமை முழுக்க அங்கேதான்.

ஆனால் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நேஃபியானில் தண்ணீர் வற்றும், கடத்துதிறன் சரியும். விலையும் கொஞ்சமல்ல. பாஸ்பாரிக் அமிலம் ஊறிய பாலிபென்சிமிடசோல் படலம் 160 டிகிரியிலும் உழைக்கும், ஆனால் அமிலம் மெல்லக் கசிந்துபோகலாம்.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமும், சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவிலுள்ள ஏஆர்சிஐ மையமும் எரிபொருள் மின்கல ஆய்வில் ஈடுபட்டுள்ளன. கொச்சி கப்பல்கட்டும் தளம் கட்டிய, ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தில் ஓடும் படகு 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில் தொடங்கிவைக்கப்பட்டது. நேஃபியான் வகைப் படலங்கள் காஸ்டிக் சோடா ஆலைகளிலும், நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவிகளிலும், வனேடியம் மின்கலங்களிலும் பயன்படுகின்றன.