செவிலியர் கூற்றும் முன்னமும்

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக வகுத்து முடிகிறது. பிணியுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து அதனை இயற்றுபவன் என்பன அவை. இறுதியில் நின்றவனை வள்ளுவர் உழைச்செல்வான் என்பர். இன்று அப்பணி செவிலியர்க்குரியது. நான்கனையும் நந்நான்கு கூறாக விரித்த பரிமேலழகர், உழைச்செல்வானுக்கு நோயாளன்பால் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு ஆகியவற்றை உரியனவாகக் கூறுகிறார். பின்னவை இரண்டும் அடுத்தடுத்து நிற்றல் நோக்கத்தக்கது. சொல்லியவாறே செய்தலும் அறிந்து செய்தலும் எஞ்ஞான்றும் ஒத்துச் செல்வன அல்ல. அவை முரணும் இடமொன்று இந்நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவமனைகளில் வெளிப்பட்டுள்ளது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

அந்நாட்டில் 2006 முதல் எச்கேப்ஸ் என்னும் நோயாளர் கருத்தாய்வு நாடளாவ நடைபெறுகிறது. அதன் முடிவுகள் 2008 முதல் பொதுமக்கள் காண வெளியிடப்படுகின்றன. செவிலியர் கவனமாகக் கேட்டனரா, விளங்குமாறு கூறினரா போன்ற வினாக்களுக்கு 'ஒருபோதும் இல்லை, சிற்சில வேளை, பெரும்பாலும், எப்போதும்' என்பவற்றுள் ஒன்றை விடையாகக் குறித்தல் வேண்டும். மதிப்பெண் கணக்கில் முதன்மை பெறுவது 'எப்போதும்' என்னும் விடையே. 2012 அக்டோபர் முதல் இம்மதிப்பெண் மருத்துவமனை வருவாயோடும் பிணைக்கப்பட்டது. மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு உள்நோயாளர்க்காகத் தரும் தொகையில் முதலாண்டில் 1 விழுக்காடும், 2017 நிதியாண்டு முதல் 2 விழுக்காடும் நிறுத்திவைக்கப்பட்டு, தரத்திற்கேற்பப் பங்கிடப்படலாயிற்று. முதலாண்டில் அத்தர மதிப்பீட்டில் நோயாளர் கருத்துக்கு உரிய பங்கு 30 விழுக்காடு.

இந்நிலையில் முன்வகுத்த வாசகங்கள் பரவின. ஸ்டூடர் குழுமம் என்னும் ஆலோசனை நிறுவனம் பரப்பிய எய்டெட் முறை அவற்றுள் பெயர்பெற்றது. நோயாளரை முகமன் கூறி ஏற்றல், தம்மை அறிமுகம் செய்தல், ஆகும் காலத்தைச் சொல்லல், செய்வதை விளக்கல், நன்றி கூறல் என அஃது ஐந்து படிகளை உடையது. படிகளோடு நில்லாது, சொற்களையும் வரைந்து கொடுத்த மருத்துவமனைகள் பல. அறையை விட்டு நீங்குமுன், வேறு ஏதேனும் வேண்டுமா எனக் கேட்டு, தமக்கு நேரம் உண்டு என்றும் சொல்லுதல் அத்தகைய வாசகங்களுள் ஒன்று.

தொல்காப்பியச் செய்யுளியல் உரைக்கும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் என்பனவும் உள. செய்யுளுக்குச் சொன்ன இலக்கணம் பிணியறைக்குப் பொருந்துமோ எனின், ஒருவர் ஒருவரிடம் உரைக்கும் நிலையையே அவ்வுறுப்புகள் ஆராய்தலின் பொருந்தும் என்க. இவ்வாசகத்தில் கூற்று செவிலியருடையதாகத் தோன்றுகிறது. ஆயின் சொற்கள் நிருவாகத்தினுடையவை. கேட்போர் நோயாளராகத் தோன்றுகிறார். ஆயின் அச்சொற்கள் குறிவைத்துச் செல்வது, வீடு திரும்பியபின் அவர் நிரப்பவிருக்கும் வினாத்தாளை. அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் அறநெறித் தொகுப்போ, செவிலியரின் முதற்கடப்பாடு தாம் பேணும் நோயாளர்க்கே என்கிறது. எட்டு நோயாளர் காத்திருக்க, நேரம் உண்டு என ஒருவரிடம் சொல்ல நேரும் செவிலியர்க்கு, சொல்லியவாறு செய்தலால் மொழித்தூய்மை கெடுகிறது. பரிமேலழகர் ஒருங்கே வைத்த இரண்டு கூறுகள் ஒன்றையொன்று அழிக்கும் இடம் இது.

முன்னம் என்பது இவ்விடத்தில் இச்சொல் இன்னாருக்கு உரியது என அறிந்து உரைக்கும் நிலை. செவிலியரின் தொழில் தன்னுரிமை என்று இன்று பேசப்படுவதன் மொழிப்பகுதி இதுவே என்பது எம் கருத்து. இறக்கும் நிலையில் உள்ளவரின் மகளிடம், மருத்துவமனையைத் தேர்ந்தமைக்கு நன்றி என்று கூறலாகாது என்பதை எவ்வாசகமும் தானே அறியாது. அருகில் நிற்பவரே அறிவர்.

ஆயினும் வகுத்துரைத்தல் முழுவதும் தீது என்பார் கூற்றை யாம் ஏற்கவில்லை. தம் பெயரும் சொல்லாது ஊசி குத்திச் செல்வோரும் உளர். சோதனைக்கு எத்துணை நேரம் ஆகும் என அறியாது வருந்துவோரும் உளர். புதிதாகப் பணியேற்ற இளஞ்செவிலியர்க்கு ஐந்து படிகளும் பற்றுக்கோடாதல் கூடும். எய்டெட் படிகளுள் நடு மூன்றும் நோயாளர் அறியவேண்டிய செய்திகள், அவற்றை விடலாகாது. முதலும் ஈறும் உறவைப் பற்றியன. அவற்றிற்குச் சொல் வகுப்பதுதான் இடர்.

எஸ்பார் என்னும் மற்றொரு முறையை இதனோடு ஒப்பிடல் தகும். அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவத்துறைக்குக் கொண்டுவரப்பட்ட அது, செவிலியர் மருத்துவரிடம் பேசுதற்கு உரியது. கேட்போர் வேறாதலை மறத்தலாகாது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்னும் நான்கு தலைப்புகளை மட்டும் அது தருகிறது, சொல்லைத் தருவதில்லை. கண்டதைச் சொல்லி வாளா நின்ற செவிலியர், தாம் கருதுவது யாது, செய்யத்தக்கது யாது எனவும் கூறுதற்கு ஈற்றிரண்டு தலைப்புகள் இடம் வகுக்கின்றன. ஆகவே வகுத்தல் என்பதுதானே தன்னுரிமையைக் குறைப்பதன்று. பொருளை வகுத்துச் சொல்லை விடுவது அதனை வளர்க்கவும் கூடும். சொல்லை வகுத்துப் பொருளை மறைப்பது குறைக்கும்.

எஞ்சியது ஒரு வினா. வாசகத்தை விலக்கியது அறிவாலா, மறதியாலா என்பதை எவர் தீர்ப்பது? மேற்பார்வையாளர் கையிலுள்ள பட்டியலில் சொன்னார், சொல்லவில்லை என்னும் இரண்டு கட்டங்களே இருப்பின், முன்னம் அறிந்து அடங்கிய செவிலியரும் மறந்துபோன செவிலியரும் ஒரே கட்டத்தில் குறிக்கப்படுவர். ஏன் சொல்லவில்லை என எழுதுதற்கு மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும். அதனை நிரப்புபவர் செவிலியராகவே இருத்தல் வேண்டும்.