டீக்கடை பெஞ்சில் யார் உட்காரலாம்?

உத்திரமேரூர் என்றதும் நினைவுக்கு வருவது, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பொ.ஆ. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள்தாம். ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்த அம்முறையைப் பாடநூல்கள் பெருமையோடு சொல்கின்றன. ஆயினும் அந்தச் சபை பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட பிரமதேய ஊரின் சபை என்பதும், கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும், 35 முதல் 70 வரை வயதும் உடையவர்களே அதற்குத் தகுதி பெற்றார்கள் என்பதும் அதே கல்வெட்டு சொல்லும் செய்திகள்தாம். இன்று அவ்வூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பொதுக்காரியம் பேசப்படுகிற இடம் டீக்கடை பெஞ்சு. அங்கே உட்கார எந்தத் தகுதியும் கேட்கப்படாத நிலை தானாக வந்துவிடவில்லை என்பதை அறிந்தவர்களுக்கே அந்தப் பெஞ்சின் அருமை முழுமையாகப் புரியும்.

விடிவதற்கு முன்பே இக்கடைகள் திறந்துவிடுகின்றன. பால் கறந்து கொண்டுவருபவர், நடவுக்கும் அறுப்புக்கும் செல்வோர், லாரி ஓட்டுநர்கள், ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆளேற்றும் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் எனப் பலரும் ஒரே அடுப்பைச் சுற்றி நிற்கிறார்கள். ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, நெல் கொள்முதல் நிலையம் எப்போது திறக்கும், எந்தத் தெருவில் யார் வீட்டில் துக்கம் என்பவையெல்லாம் அங்கேதான் முதலில் தெரியவரும். ஒரே நாளிதழின் தாள்களைத் தனித்தனியே பிரித்து நான்கு பேர் படிப்பதும், எழுத்தறியாதவருக்காக ஒருவர் உரக்கப் படிப்பதும் தமிழகக் கிராமங்களில் செய்தித்தாள் பரவிய வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கவை.

டீ போடுபவரை எல்லாரும் 'மாஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். அவர் கைத்தொழிலைச் சற்று நின்று பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தம் என்பது விளங்கும். முன்பு கடைதோறும் இருந்த பாய்லர் என்பது, நடுவே கரி கனலும் குழாயும் அதைச் சுற்றி வெந்நீரும் கொண்ட பித்தளை அல்லது செம்புப் பாத்திரம். இப்போது பெரும்பாலும் எரிவாயு அடுப்பு அவ்விடத்தைப் பிடித்திருக்கிறது. நீண்ட துணி வடிகட்டியில் டீத்தூளை இட்டு, கொதிநீரை ஊற்றி ஊற்றி எடுக்கும் கெட்டியான சாறுதான் டிகாக்‌ஷன். டம்ளரில் சர்க்கரை, அதன்மேல் பால், பிறகு டிகாக்‌ஷன் எனச் சேர்த்து, ஒரு கை தலைக்கு மேலும் மறு கை இடுப்புக்குக் கீழும் இருக்க ஆற்றும்போது, சர்க்கரை கரைவதும், வாய் பொறுக்கும் அளவுக்குச் சூடு தணிவதும், பாலிலுள்ள புரதம் காற்றைப் பிடித்து நுரை கட்டுவதும் ஒரே வீச்சில் நடந்துவிடுகின்றன. 'ஸ்ட்ராங்கா ஒண்ணு, லைட்டா ஒண்ணு, சர்க்கரை கம்மியா ரெண்டு' என்று நாற்புறமும் எழும் குரல்களைக் குறித்துக்கொள்ளாமலே நினைவில் வைத்து, கேட்டவர் கையில் கேட்டதைச் சேர்ப்பது பல ஆண்டுப் பயிற்சியால் மட்டுமே வருவது.

இந்த டீக்குமுன் தமிழ் வாழ்வில் காப்பி நுழைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்து நடுத்தர வீடுகளில் பரவத் தொடங்கிய காப்பி, பழைய சோற்றையும் நீராகாரத்தையும் காலை உணவிலிருந்து விலக்கியதாகவும், பெண்களைக் கெடுப்பதாகவும் அக்காலத்தில் கண்டனங்களை எதிர்கொண்டது. வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். காப்பி மேல்தட்டினரின் அடையாளமாக நிலைபெற, டீ உழைப்பாளிகளின் பானமாயிற்று. தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி முறையில் கிடைக்கும் நுண்தூள், சிறிதளவிலேயே நிறமும் கடுப்பும் தருவதால், குறைந்த செலவில் பல டம்ளர்களுக்கு வந்தது. அந்தத் தூளே கிராமத்து டீக்கடையைச் சாத்தியமாக்கியது.

காப்பி கிளப் எனப்பட்ட பழைய சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு ஒரு பகுதி, மற்றவர்க்கு வேறு பகுதி என்ற பிரிவினை இருந்தது. தாழ்த்தப்பட்டோர் உள்ளே நுழையவே முடியவில்லை. சுயமரியாதை இயக்கத்தின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941இல் இரயில் நிலைய உணவகங்களில் இப்பிரிவினை நீக்கப்பட்டது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு, பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றக் கோரிப் பெரியாரின் தலைமையில் மறியல் நடந்தது. கிராமங்களிலோ இரட்டைக் குவளை முறை, அதாவது ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தனிக் குவளை ஒதுக்கி, அதை அவர்களே கழுவி வைக்கச் செய்யும் கொடுமை நீடித்தது. அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்கிறது. தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நுணுக்கமாக, அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையே குற்றமாக்கியது. ஒரு டம்ளரைக் காக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை ஒவ்வொரு டீக்கடையிலும் நினைத்துப் பார்க்கலாம்.

தூக்கி எறியும் குவளை வந்தபின் அதே வேற்றுமை வேறு உருவில் சில இடங்களில் தொடர்ந்தது: சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்குக் காகிதக் கப். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப் உள்ளிட்ட பொருள்களுக்குத் தடை விதித்தது சூழலை முன்னிட்டுத்தான் என்றாலும், வெந்நீரில் அலசிய ஒரே கண்ணாடி டம்ளர் எல்லாருக்கும் என்ற நிலைக்கும் அது துணைசெய்யக்கூடியது. தடை எல்லாக் கடைகளிலும் முறையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இத்தனை சொல்லியும் ஒரு குறை எஞ்சுகிறது. டீக்கடை பெஞ்சில் பெண்கள் உட்காருவது இன்றும் அரிது. வயலுக்குப் போகும் வழியில் நின்றபடி குடித்துவிட்டோ, தூக்குவாளியில் வாங்கிக்கொண்டோ போய்விடுகிறார்கள். அவர்களுக்குரிய இடம் சற்றுத் தள்ளி, வீட்டு வாசலிலேயே நடக்கும் இட்லிக் கடையில் இருக்கிறது. அங்கே முதலாளியும் சமையல்காரரும் கணக்குப்பிள்ளையும் ஒரே பெண். 'அக்கா, நாலு இட்லி' என்று குரல் கொடுத்தால் துணி விரித்த தட்டிலிருந்து ஆவி பறக்க எடுத்து வைக்கிறார். காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயிலில், மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து நெடுநேரம் வேகவைக்கும் கோயில் இட்லிக்குப் புகழ் மிகுதி. அதன் பக்கத்து ஊர்களில் அன்றாடப் பசியைத் தீர்ப்பதோ இந்த வெள்ளை இட்லியும், வடதமிழகத்துக்கே உரிய வடகறியும். அரைத்த கடலைப்பருப்பை வேகவைத்தோ பொரித்தோ உதிர்த்து, பட்டை, சோம்பு, வெங்காயம், தக்காளியோடு கொதிக்கவிட்டால் அதுதான் வடகறி. முந்தைய மாலையில் மீந்த மசால் வடையும் பல கடைகளில் அதில் சேர்ந்துவிடும். உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காணக் காலையிலேயே வருபவர்கள் வெறும் வயிற்றோடு வருவது நல்லது. வாசலில் நடக்கும் இட்லிக் கடையில், வெயில் ஏறுவதற்குள் மாவு தீர்ந்துவிடும்.