வண்டியும் வாழ்நாளும் – 9: ரேடியேட்டருக்குள் எந்தத் தண்ணீர்?

கோடை விடுமுறையில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில், அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே எங்காவது ஒரு கார் பானெட்டைத் தூக்கியபடி நின்றுகொண்டிருக்கும். வண்டிக்காரர் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். சூடு தணிந்ததும் அதை ஊற்றிக்கொண்டு மலையேறிவிடுவார். ஊர் திரும்பியதும் மறந்துவிடுவார். ஆபத்துக்கு ஊற்றியதில் தவறில்லை. அந்தத் தண்ணீரை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பதுதான் இன்ஜினுக்குக் கேடு.

பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்குகிறது. அந்த ஓட்டம் நின்றால் ஹெட் கேஸ்கட் போகும், அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையும். ஹெட்டை இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் கூலன்ட் மாற்றும் செலவு மிகச் சொற்பம்.

“நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?” என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைகால் 1927-ல் அமெரிக்காவில் ப்ரெஸ்டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது, தண்ணீர் உறைந்து இன்ஜின் பிளாக் வெடித்துவிடாமல் தடுப்பதே அதன் முதல் வேலை. வெப்ப நாட்டில் அதற்கு வேறு வேலைகள் இருக்கின்றன. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் அந்த எல்லை 120 டிகிரிக்கும் மேலே போகிறது. அதைவிட முக்கியமானவை கூலன்டில் சேர்க்கப்படும் துருத்தடுப்பு ரசாயனங்கள். இன்ஜினுக்குள் இரும்பு, அலுமினியம், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் ஒரே திரவத்தில் ஊறிக்கிடக்கின்றன. அவற்றை அரிப்பிலிருந்து காப்பவை இந்த ரசாயனங்களே. முதலில் தீர்ந்துபோவதும் இவைதான்.

அப்படியானால் தண்ணீரே கலக்காமல் முழுக்க கூலன்டையே ஊற்றலாமா? கூடாது. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு ஈடாக கிளைகால் நிற்காது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜினில் தொடக்கத்தில் தனி கிளைகால்தான் ஓடியது. பிறகு அதை 30 பங்கு கிளைகால், 70 பங்கு தண்ணீர் என்று மாற்றினார்கள். இன்றைய கார்களுக்குப் பெரும்பாலும் பாதிக்குப் பாதி. உறைபனி இல்லாத இடங்களுக்கு 30 சதவீதம் போதும் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருப்பதே கணக்கு.

கலக்கும் தண்ணீர் எது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தமிழகத்தில் பல ஊர்களின் போர்வெல் தண்ணீர் கால்சியமும் மெக்னீசியமும் நிறைந்த கடின நீர். வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பியில் சில மாதங்களில் ஏறும் வெள்ளைப் படிவம், அதே தண்ணீரை ஊற்றினால் இன்ஜின் பிளாக்கின் உட்சுவரிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஏறும். படிவம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீரில் உள்ள குளோரைடு உப்புகள் அலுமினியத்தில் துளைத்துளையாக அரிப்பை உண்டாக்கும். அதனால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஏற்றது. பாட்டிலில் அந்தப் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பேட்டரி ஆசிட் பாட்டிலும் அதே கடையில்தான் இருக்கும், மாறிவிடக் கூடாது.

பழைய பச்சைநிறக் கூலன்ட் வகைகளுக்கு ஆயுள் ஏறத்தாழ 2 ஆண்டு. கரிம அமில வகைகளுக்கு 5 ஆண்டு வரை. ஆனால் நிறத்தை நம்பி வாங்கக் கூடாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி சாயம் சேர்க்கிறது. பொருந்தாத இரண்டு வகைகள் கலந்தால் சில சமயம் கூழாகத் திரண்டு குழாயை அடைத்துவிடும்.

வேலையை வீட்டிலேயே செய்யலாம். முதல் நிபந்தனை, இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவதே நல்லது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ரேடியேட்டருக்கு அடியில் அகலமான பேசின் வைத்து, கீழே இருக்கும் வடிகால் திருகைத் திறக்க வேண்டும். திருகு இல்லாத வண்டிகளில் கீழ் ஹோஸின் கிளிப்பைப் பிளையரால் தளர்த்தி ஹோஸைக் கழற்றலாம். வடிவது தெளிவாக இருந்தால் நிம்மதி. செம்பழுப்பாக, அடியில் வண்டல் தங்கினால் உள்ளே துரு பிடித்திருக்கிறது. எண்ணெய்ப் படலமோ காபி நிறக் கசடோ மிதந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். ஹெட் கேஸ்கட் கசிவுக்கு அது அடையாளம்.

வடிந்தபின் திருகை மூடி டிஸ்டில்ட் வாட்டரை நிரப்பி, ஹீட்டரை உச்ச சூட்டில் வைத்து இன்ஜினை ஓட விட வேண்டும். பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறக்கும். அதுவரை வெறும் வெதுவெதுப்பாக இருந்த ரேடியேட்டர் ஹோஸ் திடீரென்று சுடத் தொடங்கும். அப்போதுதான் தண்ணீர் முழு வட்டமும் சுற்றுகிறது. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, மறுபடி வடிக்க வேண்டும். தெளிந்த தண்ணீர் வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

இனிதான் கணக்கு. மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், வடிப்பது இரண்டரை லிட்டர் அளவுக்குத்தான் இருக்கும். மிச்ச ஒன்றரை லிட்டர் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிடும். கழுவியபின் அது வெறும் தண்ணீர். அதன்மேல் ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்த ரெடிமேட் கூலன்டை ஊற்றினால் உள்ளே கிளைகால் 31 சதவீதமாக நீர்த்துவிடும். தண்ணீர் கலக்காத கூலன்டில் 2 லிட்டரை முதலில் ஊற்றி, மேலே அரை லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் சேர்த்தால் கலவை சரியாக வரும்.

கடைசியில் காற்றை வெளியேற்ற வேண்டும். உள்ளே காற்றுக்குமிழ் தங்கினால் அந்த இடத்தில் கூலன்ட் தொடாது, இன்ஜின் சுடும். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால், ரேடியேட்டர் மேலேயே மூடியுள்ள வண்டிகளில், ஆறிய இன்ஜினை மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்து குமிழ்கள் வருவது நிற்கும்வரை விட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றி மூட வேண்டும். ரிசர்வ் டாங்கில் அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். அடுத்த சில நாள் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

பேசினில் இருக்கும் பழைய கூலன்டைச் சாக்கடையிலோ வாசலிலோ கொட்டிவிடாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும். தெருநாய் நக்கும், விளையாடும் குழந்தை விரலை வைத்துச் சுவைக்கும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாகி, சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து உயிரைப் பறிக்கும். கேனில் ஊற்றி, மூடி, ‘விஷம்’ என்று எழுதி, கழிவு கூலன்டைச் சேகரிக்கும் சர்வீஸ் ஸ்டேஷனில் ஒப்படையுங்கள்.

(அடுத்த வாரம்: பிரேக் ஆயில்)