பழைய ஐரோப்பியச் சொகுசுக் கார்: வாங்குதலும் பராமரித்தலும்

பழைய ஐரோப்பியச் சொகுசுக் கார் என்பது மெர்சிடிஸ்-பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஔடி, வால்வோ போன்ற நிறுவனங்களின் உயர்விலைக் கார்களில், பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடி, இரண்டாவது அல்லது மூன்றாவது உரிமையாளரிடம் வரும் காரைக் குறிக்கும். புதிதாக இருந்தபோது பல பத்து இலட்சம் ரூபாய்க்கு விற்ற இத்தகைய கார்கள், இன்று ஒரு புதிய சிறிய காரின் விலைக்கோ அதைவிடக் குறைவாகவோ கிடைக்கின்றன. காரின் விலை குறைந்தாலும் அதன் உதிரிபாகங்களின் விலை குறைவதில்லை என்பதே இதில் முதலில் அறிய வேண்டிய செய்தி.

புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணம் போன்ற ஊரில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு இன்னும் பெரிது. பக்கத்துப் பட்டறைகள் மாருதி, டாட்டா, மகிந்திரா வண்டிகளை நன்கு அறிந்தவை. ஆனால் ஐரோப்பியக் கார் ஒன்று வழியில் நின்றுவிட்டால், சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள திருச்சிக்கோ அதற்கும் அப்பாலோ இழுவை வண்டியில் ஏற்றிச் செல்ல நேரலாம். ஆகவே இத்தகைய காரை வைத்திருப்பவர் பராமரிப்பின் ஒரு பகுதியையாவது தாமே கற்றுக்கொள்வது, சேமிப்புப் பணத்தைக் காப்பாற்றும் வழியாகும்.

இந்தியாவில் இக்கார்கள்

இந்தியாவில் கிடைக்கும் பழைய ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலானவை இங்கேயே ஒருங்கிணைக்கப்பட்டவை. மெர்சிடிஸ்-பென்ஸ் 1994இல் இந்திய நிறுவனத்தைத் தொடங்கி, 1995 முதல் புனேயில் டபிள்யூ124 வகை இ-கிளாஸ் கார்களை உருவாக்கியது. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2007 மார்ச்சில் சென்னைக்கு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஆலையைத் திறந்து 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்களை ஒருங்கிணைத்தது. ஔடி கார்கள் ஔரங்காபாத்தில் ஒருங்கிணைக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து பழைய காரை இறக்குமதி செய்வதற்கு மூன்று ஆண்டு வயது வரம்பும் மிகுந்த சுங்க வரியும் உள்ளன. எனவே இந்நாட்டில் முன்பே பதிவாகியுள்ள கார்களே சந்தையில் கைமாறுகின்றன.

ஆவணங்கள்

காரைப் பார்க்கும் முன் ஆவணங்களைப் பார்ப்பது நல்லது. பின்வருவன முக்கியமானவை:

• பதிவுச் சான்று: தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதி ஆய்வுக்குப் பிறகு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு.
• இறக்குமதியா, உள்நாட்டு ஒருங்கிணைப்பா என்பது: 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க ரூ. 5,000 கட்டணம், இறக்குமதியான நான்கு சக்கர வாகனத்துக்கு ரூ. 40,000. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு இக்கட்டணங்கள் 2025இல் இரட்டிப்பாயின. பதிவுச் சான்றில் உள்ள இந்த ஒரு குறிப்பே பெரிய செலவு வேறுபாட்டை உண்டாக்கும்.
• கடன் குறிப்பு: வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35ஐ விற்பவர் தர வேண்டும்.
• உரிமை மாற்றம்: படிவம் 29, 30 ஆகியவை தேவை. மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்பவர் 14 நாட்களிலும் வாங்குபவர் 30 நாட்களிலும் தெரிவிக்க வேண்டும். புதுக்கோட்டை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவு எண்கள் டி.என். 55 எனத் தொடங்கும்.
• காப்பீடு: பெயர் மாற்றத்துக்கு 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி பழைய உரிமையாளருக்கே உரியது, காருடன் வராது.

வெளிமாநிலக் கார் விலை குறைவாகத் தோன்றக் காரணம் உண்டு. தில்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் தடை வந்ததால், அங்குள்ள சொகுசுக் கார்கள் தெற்கே மலிவாக வந்தன. ஆனால் தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டு வாழ்நாள் வரி, புதிய பதிவு எண் ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும்.

வாங்கும் முன் ஆய்வு

காரைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். முதல் சில நொடிகளில் எழும் சங்கிலி உராயும் ஓசை, நீலப் புகை, ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் ஆகியவை எச்சரிக்கைகள். ஓடோமீட்டர் எண்ணைவிடப் பராமரிப்புப் பதிவேடும் இருக்கை, பெடல், ஸ்டீயரிங் ஆகியவற்றின் தேய்மானமும் நம்பத் தகுந்தவை. காரின் 17 எழுத்து அடையாள எண், சட்டத்திலும் ஆவணத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் அதற்கேயான குறைகள் உள்ளன:

• மெர்சிடிஸ் டபிள்யூ124: உறுதிக்குப் பெயர்பெற்றது. எனினும் 1990களின் முற்பகுதியில் வந்த சில எஞ்சின்களின் மின்கம்பி உறை வெப்பத்தில் நொறுங்கிக் குறுக்குச் சுற்றை உண்டாக்கும்.
• மெர்சிடிஸ் டபிள்யூ210: கதவு ஓரம், சக்கர வளைவு ஆகிய இடங்களில் துருப் பிடிக்கும்.
• மெர்சிடிஸ் டபிள்யூ211: 2002 முதல் 2006 வரை வந்தவற்றில் மின்னணு நீரழுத்த பிரேக் அமைப்பு உள்ளது. அதன் பம்புக்குப் பயன்பாட்டு வரம்பு உண்டு. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓட்டக் கூடாது.
• பி.எம்.டபிள்யூ 320டி: 2007 முதல் 2011 வரையிலான என்47 டீசல் எஞ்சினில் டைமிங் சங்கிலி தேய்வது அறியப்பட்ட குறை. சங்கிலி எஞ்சினின் பின்புறத்தில், கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால், மாற்றும் வேலை மிகவும் பெரியது.
• காற்று சஸ்பென்ஷன் உள்ள கார்கள்: இரவில் நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது என்று பொருள்.

ஓபிடி-2 இணைப்பு உள்ள காரில் சிறிய கருவியைச் செருகிப் பிழைக் குறியீடுகளைப் படிக்கலாம். குறியீடுகள் சற்று முன்புதான் அழிக்கப்பட்டிருந்தால் தயார்நிலைச் சோதனைகள் முடிவடையாமல் இருக்கும். அதுவும் ஒரு தடயமே. ஏர்பேக், பிரேக், கியர்பாக்ஸ் பிழைகளைப் படிக்க அந்தந்த நிறுவனத்துக்குரிய மென்பொருள் தேவைப்படும்.

தாமே செய்யக்கூடியவை

எஞ்சின் எண்ணெய், எண்ணெய் வடிகட்டி, காற்று வடிகட்டி, ஏ.சி. வடிகட்டி, பேட்டரி, ஸ்பார்க் பிளக் ஆகியவற்றை மாற்றுவது தொடக்க நிலை வேலைகள். எண்ணெய் வாங்கும்போது பாகுநிலை எண் மட்டும் போதாது. கார் நிறுவனத்தின் ஒப்புதல் குறியீடும் பொருந்த வேண்டும். தயாரிப்பாளர் குறித்த நீண்ட இடைவெளியை விட, 8,000 முதல் 10,000 கி.மீ.க்குள் எண்ணெய் மாற்றுவது பழைய எஞ்சினுக்கு நல்லது.

புதுக்கோட்டையின் வெயிலில் முதலில் கெடுவது குளிர்விப்பு அமைப்பு. ஐரோப்பியக் கார்களில் நீர்த் தொட்டி, குழாய் இணைப்பு, தெர்மோஸ்டாட் உறை போன்றவை பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை ஆண்டுகள் செல்லச் செல்ல நொறுங்கும். எஞ்சின் ஒருமுறை கொதித்துவிட்டால் சிலிண்டர் ஹெட் வளைந்து, காரின் விலைக்கு ஈடான செலவு வரலாம். எனவே பழுதாகும் வரை காத்திருக்காமல், வாங்கியவுடன் இவற்றை மாற்றிவிடுவது மலிவானது. சாதாரண நீரை ஊற்றாமல், உரிய கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீருடன் கலந்து ஊற்ற வேண்டும்.

பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் வாழ்நாள் முழுதும் போதும் என்று சொல்லப்பட்டாலும், கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனம் ஏறத்தாழ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றப் பரிந்துரைக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டதால், பழைய பெட்ரோல் கார்களின் ரப்பர் எரிபொருள் குழாய்களையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

உதிரிபாகங்கள்

அடையாள எண்ணைக் கொண்டு பாக எண்ணைக் கண்டறிந்த பிறகே வாங்க வேண்டும். போஷ், மாலே, மான், சாக்ஸ், லெம்ஃபோர்டர் போன்ற நிறுவனங்களே கார் ஆலைகளுக்கும் பாகங்கள் தருகின்றன. அவற்றின் சொந்தப் பெட்டியில் வரும் அதே தரமான பாகம் விலை குறைவு. கண்ணாடி, விளக்கு, கதவு போன்றவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகச் சந்தை உதவும். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் பாகங்களைப் பழையதாக வாங்கக் கூடாது.

பாதுகாப்பு

ஜாக்கியில் மட்டும் நிற்கும் காரின் அடியில் ஒருபோதும் செல்லக் கூடாது. தாங்கு நிலைகள் கட்டாயம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. ஏர்பேக் அருகே வேலை செய்யும் முன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். சக்கர போல்ட்டுகளை டார்க் ஸ்பானரால் குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். டைமிங் சங்கிலி, கியர்பாக்ஸ் உட்பகுதி, ஏர்பேக், டீசல் உயரழுத்தக் குழாய் ஆகியவை தேர்ந்தவர்களின் வேலை.

செலவுத் திட்டம்

கையிலுள்ள பணம் முழுவதையும் காரின் விலைக்கே கொடுத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுப் பழுதுக்கு ஒதுக்கி வைப்பது பாதுகாப்பானது. பதிவேடுகளுடன் நன்கு பராமரிக்கப்பட்ட கார் சற்று விலை கூடுதலாக இருந்தாலும், மலிவான, கவனிப்பில்லாத காரைவிட இறுதியில் குறைந்த செலவையே வைக்கும். அன்றாடப் பயணத்துக்கு இதையே ஒற்றைக் காராக நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது ஏற்றதன்று. வேறொரு வண்டியும், ஓய்வு நேரமும், கற்கும் ஆர்வமும் உள்ளவருக்கு, நன்கு கட்டப்பட்ட ஓர் எந்திரத்தைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பாக அது அமையும்.